ஸ்டார்ட் ஆகாத பிக்கப்பும் லைன்மேனின் வலது காலும்

கேன்காரம்மாவின் பழைய பிக்கப் வண்டி படுத்துவிட்ட கோடையில், அதன் சாவியைத் திருப்பினால் அந்த வண்டியைத் தவிரத் தெருவில் மற்றதெல்லாம் ஸ்டார்ட் ஆயிற்று. முதல் நாள் காலை எதிர்வீட்டுத் தையல்காரரின் மிஷின் ஓடியது. மோட்டார் கருகி, ரிப்பேர்க்காரர்கள் கைவிரித்து, மேலே பழைய போர்வையைப் போட்டு மூலையில் தள்ளப்பட்டிருந்த மிஷின் அது. கேன்காரம்மா வழக்கம்போல வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர்க் கேன்களை ஏற்றி, கயிறு கட்டி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். செல்ஃப் நன்றாக எடுத்தது. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. குர்ர்ர், குர்ர்ர் என்று இன்ஜின் சுற்றியதே தவிரப் பற்றிக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மிஷின், தன் மேல் கிடந்த போர்வையையே தைக்க ஆரம்பித்தது. பல் விளக்கிக்கொண்டிருந்த தையல்காரர் வாயில் நுரையோடு ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். ஓடியது. தேங்கிக் கிடந்த துணிகளையெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் தைத்து முடித்துவிட்டார்.

கேன்காரம்மாவுக்கு அதைப் பற்றி ஆச்சரியப்பட நேரமில்லை. ஊரின் மேற்குப் பக்கம் இருக்கும் மேட்டுக் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது; பாதி மேட்டிலேயே அதற்கு மூச்சு வாங்கிவிடும். மேலே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீர் கேனில்தான் போயாக வேண்டும். பாதையோ செங்குத்து, ஒவ்வொரு வளைவிலும் வண்டி பின்னால் சாயும். புது வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, கிளட்ச் போய்விடும் என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். அவள் புருஷனின் இந்தக் கிழட்டுப் பிக்கப் மட்டும் முதல் கியரில் முனகிக்கொண்டே, ஆனால் ஒருநாள்கூட முகம் சுளிக்காமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புருஷன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்திலிருந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, நரம்பிலும் பழுதில்லை, இருந்தும் வலது கால் ஏன் அசையவில்லை என்று தெரியவில்லை என டாக்டர்கள் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே அந்தக் கால் மரக்கட்டைபோல அவரோடு சும்மா வந்துகொண்டிருந்தது. அவர் படுத்த வாரமே, அதுவரை அவர் ஓட்டிய வண்டியின் ஸ்டியரிங்கைக் கேன்காரம்மா பிடித்தாள். தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பெட்டியோடு வந்த நாத்தனார், தம்பியை இந்த நிலையில் விட்டுப் போக மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். கடுமையான மனுஷி; ஆனால் வீட்டில் சோறு வேளைக்கு வெந்தது அவளால்தான்.

வண்டியைப் பார்க்க மெக்கானிக் வந்தார். ஊரில் அவர் பெயர் பொறுமை. எந்த வேலையைத் தொட்டாலும் "பொறுமையா பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது நிமிடம் ஸ்பேனரைத் தூக்கி எறிகிறவர் என்பதால் அந்தப் பெயர். கை சுத்தமான ஆள். ஒரு இன்ஜினுக்கு வேண்டியது மூன்றே மூன்று: பெட்ரோல், காற்று, தீப்பொறி, மூன்றில் எது வரவில்லை என்று பார்த்தால் முடிந்தது என்றார். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். பெட்ரோல் பீறிட்டு வந்தது. கூடவே முடிதிருத்தும் கடையில் நெடுநாளாக நின்றுபோயிருந்த கடிகாரமும் டிக் டிக் என்று நடக்க ஆரம்பித்தது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டுத் திருப்பினார்கள்; வாய்க்கால் பக்கம் துருப்பிடித்துக் கிடந்த தண்ணீர் மோட்டார் ஓடி, காய்ந்த தொட்டி நிரம்பி வழிந்தது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் படும்படி வைத்துத் திருப்பினார்கள்; பொறி இல்லை. அதற்குப் பதில், பொதுச்சுவர் விஷயத்தில் பேச்சை நிறுத்திவிட்டிருந்த மாடிவீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும், நிறுத்திய அதே வாக்கியத்தின் நடுவிலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

"பொறிதான் வரலை. காயில் போயிருக்கும்" என்றார் பொறுமை. பொறியை உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். அங்கே பொறி நீலமாக, கொழுத்துப்போய், சடசடவென்று குதித்தது. அவர் கையை உதறிக்கொண்டு, "காயில் நல்லாயிருக்கு. கிளம்புற இடத்துல இருக்கு, போய்ச் சேர்ற இடத்துல இல்ல. நடுவுல எவனோ திருடுறான்" என்றார்.

நடுவில் இருந்தது ஒரு கறுப்பு மூடி. காயிலிலிருந்து வருவதை ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அதைக் கழற்றி, துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பளிச்சென்று இருந்தது. பிளக் ஒயர்களைப் புதிதாக மாற்றினார்கள். பிளக்குகளை மாற்றினார்கள். உள்ளே சுற்றும் ரோட்டாரை உப்புத்தாளால் தேய்த்துப் போட்டார்கள். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் சாவி திரும்பியது, தெருவில் ஏதாவது ஒன்று கிளம்பியது, வண்டி மட்டும் அப்படியே நின்றது. கடைசியில் பொறுமை ஸ்பேனரை எறிந்தார். அது சாக்கடையில் விழுந்தது. "அம்மா, இது வண்டிக் கோளாறு இல்ல. தெருக் கோளாறு. நான் தெருவுக்கெல்லாம் வேலை பார்க்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைன்மேனின் கால் கட்டைவிரல் அசைந்தது அதற்கு மறுநாள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். வெளியே செல்ஃப் குர்ர்ர் என்று சுற்றியபோது விரல் மேலும் கீழும் ஆடியது. அவள் சாவியை விட்டதும் நின்றது. நாத்தனார் கையிலிருந்த தட்டத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, "விடாதே, திருப்பு, இன்னும் திருப்பு!" என்று கத்தினாள். திருப்பினாள். விரல் ஆடியது, பாதம் லேசாக மடங்கியது. லைன்மேனுக்கு மின்சாரம் தெரிந்த தொழில் என்பதால் அவரே விளக்கமும் சொன்னார்: தையல் மிஷினுக்குச் சுவரில் பிளக் இருக்கிறது, ஒரு தடவை தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், தன் காலுக்குச் சொந்தமாகக் கரண்ட் கிடையாது, செல்ஃப் சுற்றுகிற வரைக்கும்தான் ஆட்டம்.

செய்தி தெருமுனையைத் தாண்டவில்லை. தெருக்காரர்கள் தாண்ட விடவில்லை. கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள்ள அவர்களுக்கு இஷ்டமில்லை. காலையில் வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் நின்றுபோன மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருத்தி, தேதி தாண்டியும் வலி எடுக்காத மகளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து வண்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். சாவி திரும்பியதும் வலி எடுத்தது, ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். பேட்டரி இறங்கிவிடுமே என்று யாரும் கவலைப்படத் தேவையில்லாதபடி, முறை வைத்து அவரவர் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றித் தந்தார்கள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் வண்டி எப்போது சரியாகும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேன்காரம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், தன்னைத்தானே. விடிந்ததும் இரவல் தள்ளுவண்டியில் தன்னால் தள்ள முடிந்த அளவு கேன்களை அடுக்கி மேட்டுக்குத் தள்ளினாள். வளைவுகளில் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளினாள். மேலே கிடைத்தது வயசானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் குடத்தோடு இறங்கி வந்து ஏறினார்கள். பாதி வழியில் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். இறங்கி வந்ததும் கை கழுவிச் சாப்பிட்டுவிட்டு நேரே பானெட்டைத் தூக்குவாள். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது அவளுக்கு இப்போது கண்ணை மூடினாலும் தெரிந்தது. ஆட்கள் மின்விசிறியோடு வந்தால், "என் வண்டி கிளம்பணும்னுதான் சாவியைத் திருப்புறேன். உங்க ஃபேன் சுத்தணும்னு இல்ல. கிட்ட வச்சுக்குங்க, சுத்தினா சுத்தட்டும்" என்பாள். தினமும் ஒரு பாகத்தைச் சோதிப்பாள். அது குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாள். கோடை முற்றியது. அவள் விடவில்லை.

பொறுமைக்கும் தூக்கம் கெட்டிருக்க வேண்டும். சாக்கடையில் போன ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் ஒருநாள் வந்து நின்றார். "கண்ணுக்குத் தெரியாத லீக்கா இருந்தா இருட்டுல தெரியும். ராத்திரி ஆகட்டும், பொறுமையா பார்ப்போம்" என்றார். உச்சி வெயில். ராத்திரிவரை காத்திருக்க அவளுக்கு மனசில்லை. கேன்களை மூடும் தார்ப்பாயை எடுத்து, திறந்த பானெட்டின் மேல் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து, உள்ளே தலையை நுழைத்துக்கொண்டாள். சாவி திருப்ப ஆள் வேண்டும். "நான் திருப்புறேன்" என்றார் லைன்மேன் ஜன்னலிலிருந்து. தையல்காரரும் பொறுமையும் அவரைத் தூக்கிவந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். விழுந்த நாளிலிருந்து அவர் அந்த சீட்டில் உட்காரவில்லை. ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பினார்.

தார்ப்பாய்க்குள் அடுப்புபோல் இருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. "நிறுத்தாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். பிறகு தெரிந்தது. கறுப்பு மூடியின் கழுத்தில், பளிச்சென்று இருந்த இடத்தில், தையல் நூலைவிட மெல்லிய நீல வெளிச்சம் ஒன்று கிளம்பியது. அது இன்ஜினில் இறங்கவில்லை. மட்கார்டு மேல் ஊர்ந்து, தார்ப்பாயின் ஓரத்துக்குப் போய், கிளை கிளையாகப் பிரிந்து தெருவுக்குள் நுழைந்தது. ஒரு கிளை மட்டும் திரும்பி டிரைவர் சீட்டுப் பக்கமாகப் போனது. அவள் கேன் கணக்கு எழுத இடுப்பில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து, வெளிச்சம் கிளம்பிய இடத்தில் ஒரு கோடு போட்டாள். வெளியே வந்து மூடியைக் கழற்றித் தண்ணீரில் முக்கித் துணியால் துடைத்தாள். எல்லா இடமும் காய்ந்தது. சாக்கட்டிக் கோட்டை ஒட்டி ஒரே ஒரு மயிரிழை மட்டும் ஈரமாக நின்றது. விரிசல்.

"அட சண்டாளா" என்றார் பொறுமை அந்த மூடியைப் பார்த்து, கிட்டத்தட்ட மரியாதையோடு.

இந்த மாடலுக்குப் புது மூடி எங்கும் கிடைக்காது. உடைக்கப் போட்ட வண்டிகள் நிற்கும் இடத்தில் தேடிப் பார்க்கிறேன் என்று பொறுமை அப்போதே கிளம்பினார். அவர் திரும்பி வந்தபோது நாத்தனார் வண்டியின் பானெட் மேல் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் தகரம் கொதித்திருக்கும், அவள் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் தெரு நின்றது.

"மூடியை மாத்தினா அவன் கால் என்ன ஆகும்? சொல்லு" என்றாள்.

"ஆடாதுக்கா" என்றாள் கேன்காரம்மா.

"தெரிஞ்சும் மாத்துறியா? கட்டின புருஷன்டி அவன். இன்னிக்கு விரல் ஆடுது, பாதம் மடங்குது. நாளைக்கு எழுந்து நிப்பான். ஊருக்குத் தண்ணி ஊத்த நீதான் பொறந்தியா?"

அந்தக் கேள்வியை நாத்தனார் இன்றுதான் கேட்டாள். கேன்காரம்மா ஒவ்வொரு வளைவிலும் கல் கொடுக்கும்போது தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். "அக்கா, எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அவர் எழுந்து நடக்கிறதைப் பார்க்கணும்னு எனக்கு இல்லையா?" என்றாள்.

டிரைவர் சீட்டில் இருந்தபடியே லைன்மேன் பேசினார். அவர் குரல் உயர்த்திப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. "அக்கா, இறங்கு. இந்த வண்டியை நான்தான் வாங்கினேன். மேட்டுல இருக்கிறவங்களுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்ததும் நான்தான். தண்ணி ஏறாத இடத்துக்குக் கரண்ட் ஏத்தினோமேன்னு பெருமையா இருந்தேன். இப்போ என் கால் விரல் ஆடுறதுக்காக அவங்க குடத்தைத் தூக்கிட்டு ஏறுறாங்கன்னா, அந்த விரலை நான் எப்படி சந்தோஷமா பார்க்கிறது?"

நாத்தனார் யாரும் கை கொடுக்காமல் இறங்கி, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அவனை உள்ள தூக்கிட்டுப் போங்க. வெயில்ல எவ்வளவு நேரம் உட்கார வைப்பீங்க?" என்று தையல்காரரைக் கடிந்துகொண்டாள்.

பொறுமை கொண்டுவந்த மூடியில் எலி கூடு கட்டிய அடையாளம் இருந்தது. சுத்தம் செய்து பூட்டினார்கள். தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, கேன்காரம்மா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு சுற்று சுற்றியது, இருமியது, கரும்புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. எந்த வீட்டிலும் எதுவும் தானாகக் கிளம்பவில்லை. உள்ளே கட்டிலில் விரல் அசையவில்லை. போர்வைக்கு வெளியே கல்போல் நின்றது. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஓடுகிறவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு முகம் எல்லோருக்கும். கேன்காரம்மா இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு இறங்கிக் கேன்களை ஏற்றினாள்.

மறுநாள் காலை லைன்மேன், "நானும் வர்றேன். வீட்டுல படுத்து விரலையே பார்த்துக்கிட்டிருக்க என்னால முடியாது" என்றார். பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, மடியில் ஊன்றுகோலைக் கொடுத்தாள். வண்டி மேட்டில் ஏறியது. இரண்டாவது வளைவு கெட்ட வளைவு. ஒரு பக்கம் பள்ளம். எதிரே ஒரு சைக்கிள் சடாரென்று திரும்ப, அவள் ஓரம் ஒடித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் உட்காரும் எல்லா டிரைவர்களும் செய்வதுபோல, கீழே தகரத்தை ஓங்கி மிதித்தார்.

"ஓட்டுறது நான். நீங்க எதுக்கு பிரேக் போடறீங்க?" என்றாள் அவள் எரிச்சலோடு. சொல்லிவிட்டு, அவர் எந்தக் காலால் மிதித்தார் என்று குனிந்து பார்த்தாள். வலது கால். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மிதித்தார். தகரம் டங்கென்றது. மேடு முடியும்வரை அவர் டங், டங் என்று மிதித்துக்கொண்டே வந்தார்.

மேலே முதல் வீட்டு வாசலில் அவர் தானாகக் கதவைத் திறந்து இறங்கினார். ஊன்றுகோல் வண்டியிலேயே கிடந்தது. பின்பக்கம் போய் ஒரு கேனைத் தோளில் ஏற்றினார். பழக்க தோஷத்தில் கேன்காரம்மா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். அந்த நொடியே கால் மடங்கியது. அவர் ஒரு பக்கம், கேன் ஒரு பக்கம். கேன் தடதடவென்று உருண்டு கடைசி வளைவில் போய் நின்றது. அவள் பதறிப்போய்ச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்ததும், மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் எழுந்தார். "அணைக்காதே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் மேட்டில் ஒருநாளும் இன்ஜினை அணைக்கவில்லை.

பொறுமையிடம் கேட்டதற்கு, அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்றார். வண்டி ஓடும்போது சீட்டில் உட்கார்ந்தவர் அதில் பூட்டின பாகம் மாதிரிதான், அதுவும் இவர் சாவி வேறு திருப்பியிருக்கிறார், பொறி எல்லாப் பாகத்துக்கும்தான் போகும், இனி எண்ணெய் மாற்றும்போது அவருக்கும் முழங்காலில் இரண்டு சொட்டு தேய்த்துவிடுங்கள் என்றார். நாத்தனார் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, தேய்த்துவிட்டாள். கடைசியில் ஒருநாள், தான் கொண்டுவந்த அந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். பஸ் நிலையம்வரை பிக்கப்பில் கொண்டுபோய் விட்டார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவைத்தது தம்பிதான். ஜன்னல் வழியாக அவன் தலையைத் தொட்டுவிட்டு, கேன்காரம்மாவைப் பார்த்து, "பெட்ரோல் குறையாம பார்த்துக்கோ" என்றாள்.

வருடங்கள் போயின. வண்டியின் கதவு துருப்பிடித்து உதிர்ந்து, வேறு வண்டியின் கதவு வேறு நிறத்தில் வந்தது. மேட்டில் மாடிக் கட்டடங்கள் எழும்பின. குழாய்த் தண்ணீர் இன்னமும் ஏறவில்லை. காலையில் வண்டி வந்து நிற்கும். கேன்காரம்மா கீழ் வீடுகளைப் பார்த்துக்கொள்வாள். லைன்மேன் மாடிகளுக்கு ஏறுவார். சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். ஊன்றுகோலைக் கக்கத்தில் வாகாகக் கொடுத்துவிட்டுத்தான் அவள் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பாள். பெட்ரோலுக்குக் கூடுதலாக ஆகிறதே என்று மேட்டுக்காரர்கள் யாரும் குறை சொன்னதில்லை. அவர்களாகவே கேனுக்கு ஒரு காசு சேர்த்துக் கொடுத்தார்கள்.

சமீபத்தில் அங்கே புதிதாகக் குடிவந்த ஒருவர், காலை வேளையில் தன் ஜன்னலுக்குக் கீழே ஆளில்லாத வண்டி ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கோபத்தோடு இறங்கி வந்தார். இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே கை நீட்டினார். எதிர் மாடியிலிருந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கத்தினாள்: "சார், சார், சாவியைத் தொடாதீங்க! அவரு இன்னும் படியில இருக்காரு!"

அவர் அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது மாடிப் படிக்கட்டில், தோளில் காலிக் கேனோடு, ஒரு மனிதர் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தார். குடிவந்தவரின் கை பின்னுக்கு வந்தது. கதவை மெல்லச் சாத்தினார். லைன்மேன் கீழே வந்து சேரும்வரை வண்டியின் நிழலில் நின்று காத்திருந்துவிட்டு, "எங்க வீட்டுக்கும் ரெண்டு கேன் போடுங்க. முதல் மாடிதான்" என்றார்.